பெட்டி திறக்கும் வரை

ஆய்வுக்கூடத்தில் அவளைச் சல்லடை என்று கூப்பிடுவார்கள். யார் வைத்த பெயரோ, ஒட்டிக்கொண்டது. அங்கே தரைக்குக் கீழே, ஒரு ஊரையே சுற்றிவரும் அளவுக்கு நீளமான வளையக் குழாய்க்குள், புரோட்டான் கற்றைகள் எதிரும் புதிருமாக ஓடிவந்து மோதுகின்றன. நொடிக்கு நாலு கோடி தடவை. அத்தனையையும் எழுதி வைக்க எந்தக் கணினிக்கும் வயிறு பத்தாது. எது வேண்டும், எது வேண்டாம் என்று அப்போதைக்கப்போதே முடிவுசெய்ய ஒரு மின்னணுச் சல்லடை உண்டு. நாலு கோடியில் ஓர் ஆயிரம் தங்கினால் அதிகம். மற்றதெல்லாம் போனது போனதுதான். அந்தச் சல்லடையின் கண்ணை எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு தளர்த்துவது என்பது அவள் பொறுப்பு.

அவள் கணவனுக்குப் பென்சில் என்று பெயர். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும்; குளிக்கப் போகும்போதுகூட எடுக்க மறந்துவிடுவான். அவன் கோட்பாட்டு மாடிக்காரன். அந்தக் கட்டிடத்தில் கருவிகள் கீழ்த்தளம், கணக்குகள் மேல்தளம். மேலே இருப்பவர்கள் என்ன பிறக்கலாம் என்று சொல்வார்கள்; கீழே இருப்பவர்கள் பிறந்ததா என்று பார்ப்பார்கள். இரண்டு தளத்துக்கும் பொதுவாக இருந்தது ஒரு காபி இயந்திரம். அது பாதி நாள் வேலை செய்யாது. வேலை செய்யாத ஒரு நாளில் அதன் முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து நின்றதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பென்சிலின் தலைக்குள் இருந்தது ஒரே விஷயம். சூப்பர்சிமெட்ரி என்று ஒரு கோட்பாடு இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் இன்னும் கண்ணில் படாத ஒரு துணைத்துகள் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எலெக்ட்ரானுக்கு ஒன்று, ஒளித்துகளுக்கு ஒன்று, இப்படி. எத்தனையோ வருஷமாகத் தேடுகிறார்கள், ஒன்றுகூடச் சிக்கவில்லை. அவை ரொம்பக் கனமாக இருப்பதால்தான் சிக்கவில்லை, இன்னும் பெரிய இயந்திரம் வேண்டும் என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைத்தார்கள். பென்சில் வேறு மாதிரி நினைத்தான். அவற்றில் சில லேசானவையாகவே இருக்கலாம் என்றான். புரோட்டான் ஒன்றும் கெட்டியான குண்டு இல்லை, உள்ளே குவார்க், குளுவான் என்கிற இன்னும் சின்னத் துகள்கள் அடைத்த மூட்டை. மூட்டையும் மூட்டையும் மோதும்போது உள்ளே இருப்பவை முட்டிக்கொண்டு புதிதாக எதையாவது பிறப்பிக்கின்றன. லேசான பொருள் என்றால் பிறப்பிப்பது சுலபம். ஆகவே தினமும் அவை பிறந்துகொண்டுதான் இருக்கும். பிறந்த கையோடு மாறியும் போகும். தன்னைவிடக் கொஞ்சமே லேசான, எந்தக் கருவியிலும் படாத இன்னொன்றாக மாறிக் கிளம்பிவிடும். எடை வித்தியாசத்துக்குச் சில்லறை கொடுத்தாற்போல் இரண்டு மெல்லிய துகள்களை மட்டும் விட்டுவிட்டுப் போகும். அந்தச் சில்லறை மற்ற மோதல்களின் குப்பையில் கலந்து காணாமல் போய்விடும்.

"லேசா இருந்தா எப்பவோ மாட்டியிருக்குமே" என்று கருத்தரங்குகளில் கேட்டார்கள். துகள் லேசு, இவன் கணக்குதான் கனம் என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. பென்சிலும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்தபிறகு அவன் சிரிக்கவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

கல்யாணமாகி இரண்டு அறை வீட்டில் குடியேறினார்கள். கீழ்வீட்டில் அவளுடைய அண்ணனும் அண்ணியும். சாப்பாட்டு மேசையில் தினமும் ஒரே வழக்கு. சல்லடையைக் கொஞ்சம் தளர்த்து, மெல்லியவற்றையும் உள்ளே விடு என்பான் பென்சில். ஒரு இழை தளர்த்தினாலும் குப்பை வெள்ளமாக வந்து பதிவு இயந்திரங்கள் மூச்சு முட்டி நின்றுவிடும், மற்ற நூறு பேருடைய தேடலும் சேர்ந்து முழுகும் என்பாள் அவள். அவன் சொன்னது சரி. தூக்கிப் போடுவதில்தான் அது இருக்கக்கூடும். அவள் சொன்னதும் சரி. இரண்டு பேரும் சரியாக இருந்ததால் சண்டைக்கு முடிவே இல்லாமல் இருந்தது. ஆனால் அது சண்டை மாதிரியும் இல்லை. பேசிக்கொண்டே அவன் பாத்திரம் கழுவுவான், அவள் துடைத்து வைப்பாள். பாத்திரம் தீர்ந்தபிறகும் கொஞ்ச நேரம் குழாயடியிலேயே நின்று பேசுவார்கள்.

மேல்தளத்து வேலைகள் ஒப்பந்த வேலைகள். பென்சிலின் ஒப்பந்தம் முடிந்தபோது யாரும் புதுப்பிக்கவில்லை. வேறு இடங்களுக்கு எழுதிப் போட்டான். பதில்கள் மரியாதையாக வந்தன, வேலை வரவில்லை. கடைசியில் ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஒரு துறைமுக ஊரில், கடல் நிலையைக் கணித்துப் படகுகளுக்கு அறிவிக்கும் அலுவலகத்தில் இடம் கிடைத்தது. அலைக்கும் சமன்பாடு உண்டு, எனக்குச் சமன்பாடு இருந்தால் போதும் என்றான். ஒரு வருஷம் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். ஒன்று அவன் திரும்பி வருவான், இல்லை அவள் போவாள்.

யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை. அவனுக்கு இங்கே வேலை இல்லை. அவள் வேலை அங்கே இல்லை. மாசத்துக்கு ஒரு தடவை போய் வந்தது, பண்டிகைக்கு ஒரு தடவை என்று ஆகி, அப்புறம் அதுவும் தேய்ந்தது. கோபம் என்று ஒன்று இருந்திருந்தால் அதைத் தீர்த்துக்கொண்டிருக்கலாம். அதுவும் இல்லை. தொலைபேசியில் உடம்பு எப்படி இருக்கிறது, மழை உண்டா என்று கேட்டுக்கொண்டு, அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் இரண்டு பேரும் வைத்துவிடுவார்கள். வைத்தபிறகு அவள் கொஞ்ச நேரம் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பாத்திரத்தைக் கழுவித் தானே துடைத்தும் வைப்பது மட்டும் பழகவே இல்லை. அதனால் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்து உணவகத்திலேயே சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

அந்த நிலைமையில்தான் அவளுக்கு ஒரு வழி தென்பட்டது.

லேசான துணைத்துகள்கள் ஜோடியாகப் பிறந்து நேர் எதிர்த்திசையில் போனால், கண்ணுக்குத் தெரியாத இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கணக்குப் பார்த்தால் எதுவும் குறையாததுபோல் இருக்கும். ஆனால் எப்போதாவது, மோதப் போகிற குவார்க் ஒன்று முட்டுவதற்குச் சற்று முன்னால் ஒரு குளுவானை ஓங்கித் துப்பிவிடும். அது ஒரு பக்கம் பெரிய பொறிச் சிதறலாகப் பாயும். பிறந்த ஜோடி அந்த உதையில் மறுபக்கம் சேர்ந்து தள்ளப்படும். அப்போது ஒரு பக்கம் சிதறல், மறுபக்கம் வெறுமை என்று கணக்கு இடிக்கும். இடிக்கும் கணக்கைச் சல்லடை எப்போதுமே வைத்துக்கொள்ளும். அப்படியானால், இத்தனை வருஷமாக அவள் கண் இறுக்கிச் சலித்து வைத்ததற்குள்ளேயே பென்சிலின் துகள் கிடக்கலாம். அந்த வெறுமைக்குப் பக்கத்தில் இரண்டு மெல்லிய துகள்களைத் தேடினால் போதும்.

குழுக் கூட்டத்தில் அவள் இதைச் சொன்னாள். தலைவர் ஒத்துக்கொண்டார். முழங்கால் வலிக்காரர், படி ஏறும்போதெல்லாம் நின்று நின்று பேசுகிறவர். அன்று படியிலேயே நின்று, தேடலை அவளே நடத்தட்டும் என்று சொல்லிவிட்டார். துகளின் எடை இவ்வளவு என்றால் இத்தனை பிறக்கும் என்கிற கணக்கு அதற்கு வேண்டும். அதைப் போட்டுக் கொடுக்க மேல்தளத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவள் படியேறவில்லை. துறைமுக ஊருக்குப் போன் செய்தாள்.

"ஒரு கணக்கு வேணும்" என்றாள்.

"என்ன கணக்கு?"

"உன்னோடதுதான்."

பென்சில் மெதுவாக, "சொல்லு, எழுதிக்கறேன்" என்றான். காதிலிருந்து பென்சிலை எடுக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களுக்கென்று ஆயிற்று. முதலில் வேலைப் பேச்சு. இந்த எடைக்கு இவ்வளவு, வித்தியாசம் இன்னும் குறைந்தால் இவ்வளவு, புரோட்டானுக்குள் குளுவான்களின் பங்கு பற்றிப் புதிதாக வந்த அளவுகளைப் போட்டால் இவ்வளவு. அவன் குரலில் பழைய வேகம் வந்தது. அவள் இடைமறித்துக் கேட்பாள். அவன், அப்படியில்லை என்று ஆரம்பிப்பான். வேலைப் பேச்சு தீர்ந்ததும், "அப்புறம்?" என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்த அப்புறத்தில்தான் மற்றதெல்லாம் வந்தது. சமையலறைக் குழாய் ஒழுகுவதை, அண்ணி தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியிடம் அடித்த நக்கலை, வேலைக்குப் போகும் வழியில் புதிதாகத் திறந்த கண்ணாடிக் கடையை அவள் சொன்னாள். கடலில் முன்னறிவிப்பு தப்பிப்போய் ஒரு படகுக்காரர் அலுவலகத்துக்கே வந்து அவனைத் தேடியதை அவன் சொன்னான். திட்ட வந்தவர், இவன் முகத்தைப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

புதன்கிழமையிலிருந்தே அவள் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்க்கத் தொடங்கினாள். ஒரே சமயத்தில் கேட்டு முடித்திருக்கக்கூடிய கேள்விகளை வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டாள். தனக்கே விடை தெரிந்த ஒன்றிரண்டையும் கேட்டாள்.

இப்படித்தான் தேடல் வளர்ந்தது. இந்த மாதிரித் தேடலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. துகள் இருந்தால் எந்த மோதல்களில் தெரியுமோ, அவற்றை மட்டும் தனியே ஒரு பெட்டியில் பூட்டி வைத்ததுபோல் கணினியில் மறைத்து வைத்துவிடுவார்கள். நடத்துகிறவர்களுக்கே அது தெரியாது. பழக்கமான துகள்கள் போலியாக அதே தோற்றத்தைக் காட்டினால் அவை எத்தனை இருக்கும் என்று முதலில் கணக்கிட்டு முடிக்க வேண்டும். அதை இனி மாற்ற மாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம். ஆசை கண்ணை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

போலிகளின் கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் பெட்டி திறக்கவில்லை. எந்தக் கருவியிலும் படாமல் நழுவும் நியூட்ரினோக்களால் வரும் போலியை வேறொரு முறையில் சரிபார்க்க வேண்டும் என்றாள். சரிபார்த்தார்கள், ஒத்துப்போனது. அந்த மெல்லிய துகள்களான மியூவான்கள் என்று தவறாக எண்ணப்படுகிறவற்றை மறுபடி பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தார்கள்; அதுவும் ஒத்துப்போனது. கூட இருந்தவர்கள் அவளுடைய கறார் குணம் என்று நினைத்தார்கள். தலைவருக்கு மட்டும் சந்தேகம். படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, திறந்தால் என்ன வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள் என்று கேட்டார். அவள் ஏதோ தொழில்நுட்பக் காரணம் சொன்னாள். அவர் தலையாட்டினார், நம்பவில்லை.

அண்ணியிடம் இந்தச் சமாளிப்பெல்லாம் நடக்காது. அண்ணி எலும்பு மூட்டு நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். கையைத் தொட்டாலே எங்கே இறுகியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஒரு நாள் மாலை துவைத்த துணியை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது, ஆராய்ச்சி எப்போது முடியும் என்று சாதாரணமாகக் கேட்டாள். முடியும் அண்ணி, இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றாள் அவள்.

"முடிஞ்சுட்டா ஞாயித்துக்கிழமை போன் வராதோ?"

அவள் கையிலிருந்த போர்வையின் முனையைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

"நினைச்சேன்" என்றாள் அண்ணி. "ஊர்ல எல்லாரும் புருஷனோட பேச போனை எடுக்கறாங்க. நீ பூமிக்கடியில குழி தோண்டி மெஷின் ஓட்டறே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது. அண்ணி அதைப் பார்க்காததுபோல் அடுத்த போர்வையை எடுத்து உதறினாள்.

தலைவர் கடைசியில் தேதி குறித்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல். முந்தைய ஞாயிறு அவள் பென்சிலிடம் சொன்னாள். நான் வரட்டுமா என்று கேட்டான். குழுவில் இல்லாதவர்களை அறைக்குள் விடமாட்டார்கள் என்று அவனுக்கே தெரியும். வெளியே உட்கார்ந்திருக்கிறேன் என்றான்.

முதல் நாள் ரயிலேறி வெள்ளிக்கிழமை காலை நேராக ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டான். வாசல் காவலரிடம் பார்வையாளர் அட்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றவனை நோக்கி அவள் நடந்தாள். முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. வெயில் பட்டுக் கறுத்திருந்தான். காதில் பென்சில் அப்படியே இருந்தது. உணவகத்தில் ஜன்னலோர மேசையில் அவனை உட்கார வைத்துவிட்டு, வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனாள்.

அறையில் ஒன்பது பத்துப் பேர் இருந்தார்கள். தலைவர் ஒருமுறை எல்லாரையும் பார்த்தார். விசையை அவளே அழுத்தினாள். சுவரில் படம் வந்தது. போலிகளுக்கென்று எதிர்பார்த்தது ஒரு கோடு. பெட்டிக்குள் இருந்தவை கறுப்புப் புள்ளிகள். புள்ளிகள் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தன. பென்சிலின் துகள் இருந்திருந்தால் இடது ஓரத்தில் புள்ளிகள் மேலே எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. ஒரு இடத்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

"சுத்தமா இருக்கு" என்றார் தலைவர். பாராட்டாகத்தான் சொன்னார். உண்மையிலேயே சுத்தமான வேலை. இந்த எடையிலிருந்து இந்த எடை வரை லேசான துணைத்துகள் இல்லை என்று உலகத்துக்கு இனி உறுதியாகச் சொல்லலாம். கட்டுரை எழுதி, உள்ளே பலர் படித்து, வெளிவரும் வரை யாரும் வெளியாட்களிடம் மூச்சுவிடக் கூடாது என்ற வழக்கமான விதியை நினைவுபடுத்தினார். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். அவள் இடது ஓரத்துப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கணக்கு ஒத்துப்போயிருந்தது. அதைவிட ஒரு சல்லடைக்காரிக்கு வேறு என்ன வேண்டும். இருந்தும் யாரோ ஒருவரை வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு நிற்பதுபோல் இருந்தது.

உணவகத்துக்குப் போனபோது பென்சில் எழுந்து நின்றான். அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தான். என்ன ஆச்சு என்று கேட்பானோ என்று அவள் பயந்தாள். அவன் கேட்கவில்லை.

"நீ இன்னும் சாப்பிடலையே" என்றான்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். புதிய கண்ணாடிக் கடையைப் பார்த்ததும், நீ சொன்னது இதுதானா என்று நின்றான். வீட்டில் நாற்காலிகள், ஜன்னல் திரை, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு விருந்தாளியின் கூச்சத்தோடு பார்த்தான். ஒழுகும் குழாயை மட்டும் கேட்காமலே கழற்றி, உள்ளேயிருந்த தேய்ந்த ரப்பர் வளையத்தை எடுத்துப் போய்க் கடையில் அதே அளவில் வாங்கிவந்து மாட்டினான். அண்ணி சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, கடல் காற்று உங்களை ஊறுகாய் போட்டுவிட்டதே என்று அவனைக் கேலி செய்தாள். படுக்க அவனே ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறை சோபாவுக்குப் போனான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது, சொல்லவில்லை. பாதி ஆளில்லாத கட்டிலில் அவள் அவன் இருமுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் ரயில். அதற்கு முன்னால் ஆற்றங்கரைப் பாதையில் கொஞ்சம் நடந்துவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஓட்டப் பயிற்சிக்காரர்கள் அவர்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று பென்சில் ஆரம்பித்தான். "விதி எனக்கும் தெரியும். ஆனா ஏதாவது இருந்திருந்தா, நேத்து மத்தியானம் நீ என்கூட வீட்டுக்கு வந்திருக்க மாட்டே. அந்த அறையிலேர்ந்து உன்னை யாரும் கிளப்பியிருக்க முடியாது."

அவள் ஆற்றைப் பார்த்தாள். அவன் அவள் கையின் மேல் கையை வைத்தான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு.

தன் முப்பதாவது வயதிலிருந்து தூக்கிக்கொண்டு திரிந்த ஒன்று இல்லையென்று ஆனால் எப்படி இருக்கும் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருப்பதாக அவன் சொன்னான். இடிந்து உட்கார்ந்துவிடுவோம் என்றுதான் எண்ணியிருந்தானாம். ஆனால் நேற்று உணவகத்தில் காத்திருந்தபோது வேறு யோசனைதான் ஓடியதாம்.

"இனிமே ஞாயித்துக்கிழமை எதைப் பேசறதுன்னு யோசிச்சுட்டு இருந்தேன்" என்றான். பிறகு, கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீ கேட்ட கணக்கெல்லாம் அவ்வளவு நாள் எடுக்கற கணக்கு இல்ல. ரெண்டு நாள்ல முடிச்சுடுவேன். முடிச்சுட்டு மாசக்கணக்குல பிச்சுப் பிச்சு அனுப்பினேன்."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் விளையாடவில்லை.

"பெட்டியைப் போன வருஷமே திறந்திருக்கலாம்" என்றாள் அவள். "நான்தான் விடலை."

அப்புறம் அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. அவளும் சிரித்தாள். ஓடிக்கொண்டிருந்தவர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். இவ்வளவு பெரிய இயந்திரம், இத்தனை பேர் உழைப்பு, இதற்கு நடுவில் இரண்டு வளர்ந்த மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசக் காரணம் தேடித் திருட்டுத்தனமாக நாள் கடத்தியிருக்கிறார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டுவிட்டாள். "வந்துடேன்."

அவன் நிதானமாக விளக்கினான். மேல்தளத்தில் இருந்தபோது ஒரு விடைக்காக ஆயுள் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே இன்று சொன்னது சரியா தப்பா என்று நாளைக் காலையில் கடலே சொல்லிவிடுகிறது. தப்பானால் யாரோ ஒருவர் நனைந்துபோய் வந்து நிற்கிறார். அந்த வேலை அவனுக்குப் பிடித்துவிட்டது. அடுத்து புயல் காலம்; அவனை நம்பிப் படகுகள் இருக்கின்றன. நீ வாயேன் என்று அவன் கேட்டான். கேட்கும்போதே பதில் தெரிந்த குரல். இயந்திரம் அடுத்த ஓட்டத்துக்குத் தயாராகிறது என்று அவள் சொன்னாள். மெல்லிய மோதல்களை முழுசாக வைக்காமல் சுருக்கமாக மட்டும் பதிந்துகொள்ள ஒரு புது ஏற்பாடு செய்திருப்பதாகவும், இனி கண்ணைக் கொஞ்சம் தளர்த்த முடியும் என்றும் சொன்னாள். பென்சிலின் கண் விரிந்தது. எவ்வளவு தளர்த்துவாய், எதை எதைப் பதிவாய் என்று கேட்கத் தொடங்கினான். அடுத்த அரைமணி நேரம் அதுவே ஓடியது. எடை வித்தியாசம் இன்னும் குறுகிப்போனால் இப்போதைய தேடலுக்கு எட்டாத ஒரு சந்து பாக்கியிருக்கிறது என்று அவன் விரலால் பெஞ்சின் மேல் வரைந்து காட்டினான்.

அவள் அந்த விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதை வேற யாராவது தேடட்டும்" என்றாள். "எனக்கு உன்கிட்ட பேச ஒண்ணும் தொலைஞ்சிருக்க வேண்டாம்."

ரயில் நிலையத்தில் கூட்டமாக இருந்தது. பெட்டியில் ஏறியபிறகு அவன் ஜன்னலருகே இடம் தேடி வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாய் அசைந்தது. என்ன சொன்னான் என்று அவள் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து சோபாவில் அவன் மடித்து வைத்துவிட்டுப் போன போர்வையை எடுத்தாள். அவன் எப்போதும் மூன்றாகத்தான் மடிப்பான், இரண்டாக மடிக்க வராது. அதை அலமாரியில் வைக்க மனமில்லாமல் அங்கேயே விட்டுவிட்டாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கமான நேரத்துக்கு அவளே போன் செய்தாள். "என்ன கணக்கு?" என்று அவன் பழக்கத்தில் கேட்டான். கணக்கு எதுவும் இல்லை, சும்மாதான் என்றாள். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. ஆனால் யாரும் வைக்கவில்லை. அன்று அவர்கள் பேசியதைவிடச் சும்மா இருந்த நேரம்தான் அதிகம்.

கட்டுரை வெளிவந்தது. குழுவின் நூற்றுக்கணக்கான பெயர்கள் அகரவரிசையில் இருந்தன. பென்சிலின் பழைய ஆய்வுக் கட்டுரை கீழே மேற்கோள் எண்ணாக இருந்தது. அவன் அதைப் படித்துவிட்டு இரண்டாவது படத்தில் அச்சின் பெயர் தெளிவாக இல்லை என்று குறை சொன்னான். துக்கம் எப்போது வந்தது, எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. ஒரு வாரம் அவன் குரல் கம்மியிருந்தது. பிறகு சரியாயிற்று.

குளிர்காலத்துக்கு இயந்திரத்தை நிறுத்தியபோது அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு துறைமுக ஊருக்குப் போனாள். பெட்டி கட்டும்போது அண்ணி வந்து, கம்பளி எடுத்துக்கொண்டாயா என்று மட்டும் கேட்டாள், கேலி செய்யவில்லை. பென்சில் குடியிருந்தது கிடங்குகளுக்கு மேலே ஒரு மாடி அறை. பாத்திரங்கள் ஒருவருக்கு மட்டும் போதுமானவையாக இருந்தன. இன்னொரு தட்டும் டம்ளரும் வாங்க இருவரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். கடைக்காரர் ஆறு தட்டாக எடுத்தால் தள்ளுபடி உண்டு என்றார். பென்சில் அவளைப் பார்த்தான். ஒன்று போதும் என்றாள் அவள்; சொன்னபிறகு அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அலுவலகத்துக்கு ஒரு நாள் காலையில் அவனோடு போனாள். கடலைப் பார்த்த சின்ன அறை. சுவர் முழுக்க அலைகளின் வரைபடங்கள். பென்சில் ஒலிவாங்கியை முன்னால் இழுத்துக்கொண்டு, தெற்கே காற்று கூடும், அலை ஆளுயரம் எழும், சின்னப் படகுகள் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுங்கள் என்று நிதானமாக வாசித்தான். கருத்தரங்குகளில் அவள் கேட்ட குரல் இல்லை இது. அவசரம் இல்லை, யாரையும் ஒத்துக்கொள்ள வைக்கும் தவிப்பு இல்லை. எங்கோ கடலில் ஒரு ஆள், சரிங்க சார், திரும்பறோம் என்று கரகரத்த குரலில் பதில் சொன்னார்.

வாசித்து முடித்ததும் பென்சில் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்தாள். அவர்கள் தோள் உரசிக்கொண்டிருந்தது. அவன் அடுத்த வரைபடத்தை விரித்து, இந்த வளைவைப் பார் என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினான். அவள் அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டே, நரைத்த முடிக்குள் செருகியிருந்த பென்சிலின் கடித்த முனையைப் பார்த்தாள். ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் அவளுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவனுக்காக ஏக்கமாக இருந்தது.